கல்லூரி இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு



புதுச்சேரியின் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும், மேற்கே வில்லியனூர்ப் பக்கம் அரியூரிலும் கலிதீர்த்தாள்குப்பத்திலும் இருக்கிற மருத்துவ, பல் மருத்துவ, செவிலியர், துணைநிலை மருத்துவக் கல்லூரிகளின் இணையதளங்களைக் கவனித்துக்கொள்கிற உங்களுக்கு இந்த மடல். உங்களில் சிலர் கணினிப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். சிலர் நூலகர்கள். பலர் உதவிப் பேராசிரியர்கள். வகுப்பெடுத்து, வார்டு பார்த்து, மீந்த நேரத்தில் “உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வருமே” என்று கையில் கொடுக்கப்பட்ட இந்த வேலையையும் செய்கிறீர்கள். தளம் ஒழுங்காக இருந்தால் யாரும் உங்களைத் தேடி வந்து பாராட்டுவதில்லை. ஆய்வுக்குழு வருகிற வாரத்தில் மட்டும் எல்லாரும் உங்களைத் தேடுவார்கள்.

நான் பாகூர் கொம்யூன்காரன். கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் போடுகிற மாதங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பவன். மற்ற நாட்களில் எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று பெரியவர்கள் கேட்டால் போனில் தேடிச் சொல்பவன். அந்தப் பழக்கத்தில் நாடெங்கும் உள்ள மருத்துவக் கல்லூரித் தளங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். கீழே எழுதியிருக்கும் குறைகள் அப்படிப் பரவலாகக் கண்டவை. நம் பகுதிக் கல்லூரி எதையும் சுட்டுவன அல்ல.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு கல்லூரியின் இணையதளத்தைச் சரியாக வைத்திருப்பது, நோயாளியைக் கவனிக்கிற வேலையில் சேர்ந்தது. சேர்க்கை விளம்பரத்தின் கிளை வேலையாக அதை நடத்துகிற வரையில் அது சரியாக இராது.

யாரெல்லாம் அந்தத் தளத்துக்கு வருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். குருவிநத்தத்திலோ கரையாம்புத்தூரிலோ இருக்கும் ஒரு மகள், அம்மாவின் மூட்டுவலிக்கு ஓ.பி. எந்த நாள் என்று பார்க்க வருகிறாள். அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அம்மாவை அழைத்துவர வேண்டும். நோயாளிகளை ஏற்றிவரும் இலவசப் பேருந்து தங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று பார்க்க, கடலூர் மாவட்டத்து எல்லைக் கிராமத்திலிருந்து ஒருவர் வருகிறார். ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவர், தன்னிடம் வந்த நோயாளியை அனுப்பும்முன் அங்கே சிறுநீரகப் பிரிவு உண்டா என்று பார்க்கிறார். துபாயில் செவிலியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் பழைய மாணவி, தன் பாடத்திட்டத்தின் நகலுக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் யாருக்கு எழுத வேண்டும் என்று தேடுகிறார். முதன்முதலாகத் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை மருத்துவப் படிப்புக்கு அனுப்பப்போகும் அப்பா, கட்டணத்தைப் பார்க்கிறார். புதுச்சேரியில் 2023-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபிறகு இப்படிப்பட்ட அப்பாக்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு மாமா, சித்தப்பா என்று விவரம் கேட்க மருத்துவக் குடும்பம் கிடையாது. உங்கள் பக்கம்தான் அவர்களுக்கு ஆதாரம்.

இத்தனை பேருக்கும் முகப்பில் முதலில் கிடைப்பது என்ன? பெரும்பாலான தளங்களில் குத்துவிளக்கு ஏற்றும் படம், பட்டமளிப்பு விழாப் படம், கட்டடத்தின் வான்வழிப் படம். நான்கைந்து படங்கள் மாறி மாறி ஓடி முடிந்தபிறகு, சிவப்பில் மின்னும் “புதியது” என்ற எழுத்துக்குப் பக்கத்தில் போன வருடத்துக் கருத்தரங்கு. ஓ.பி. நேரம் நான்கு சொடுக்குகளுக்கு அப்பால் இருக்கும். அங்கேயும் போன வருடமே விலகிப்போன மருத்துவரின் பெயர் இருக்கும். அவரை நம்பிப் பேருந்து ஏறி வருகிறவர் திரும்பிப் போகும்போது மருத்துவமனை அவரை ஏமாற்றியதாகத்தான் ஊரில் சொல்வார். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுமையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது நம் கிராமங்களில் தொலைபேசியே அபூர்வம். ஏம்பலத்தில் கோயில் வளாகத்தில் ஒரு மையம். வீராம்பட்டினத்தில் ஒரு மையம். இன்னும் பல ஊர்களில். நெல் விலை, விதை இருப்பு, அரசுத் திட்டங்கள், பேருந்து நேரம், எந்த ஆஸ்பத்திரியில் எந்த வசதி என்பதையெல்லாம் ஊர்க்காரர்களே, அதிலும் பெரும்பாலும் பெண்களே, திரட்டித் தமிழில் தட்டெழுதி வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படைத் தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குத் தமிழில் வாசித்தார்கள். வில்லியனூர் மையத்திலிருந்து ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழும் வந்தது.

அந்தத் திட்டத்தில் இருந்த கருவிகள் இன்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஆனால் அவர்கள் வேலையைத் தொடங்கிய வரிசை இன்றைக்கும் சரி. ஊர்க்காரர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். பிறகு அதைத் திரட்டினார்கள். அன்றன்றைக்கு மாறுவதை அன்றன்றைக்கு மாற்றினார்கள். மீனவருக்கு நேற்றைய அலை உயரத்தால் எந்தப் பயனும் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி வந்தபோது, நல்லவாடு மீனவ ஊரில் நடந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் வீட்டுக்குச் சொல்ல, கிராம மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்து ஊரைக் காலிசெய்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. ஊர் மக்கள் பிழைத்தார்கள். தகவல் ஒருவரிடம் இருந்தது, அதை ஊருக்குச் சொல்ல ஒரு வழி தயாராக இருந்தது, அந்த வழியைத் திறக்கத் தெரிந்த ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு கல்லூரித் தளத்துக்கும் இந்த மூன்றும்தான் வேண்டும்.

இதை 2024-இல் நாமே மறுபடி உணர்ந்தோம். நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை நீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை பாகூர் கொம்யூன் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் வீட்டில் என்ன கேள்வி இருக்கும்? பிரிவு இயங்குகிறதா, எந்தச் சாலை வழியாக வரலாம், வர முடியாவிட்டால் யாரை அழைப்பது. விடுதியில் இருக்கும் பெண்ணின் பெற்றோருக்கு வேறு கேள்வி. நாளைய தேர்வு எழுதவேண்டிய மாணவருக்கு வேறு. இந்த மூன்றுக்கும் மூன்று வரி போதும். அந்த மூன்று வரியை நள்ளிரவில் ஒரு போனிலிருந்து முகப்பில் போட முடிகிற ஏற்பாடு உங்கள் தளத்தில் இருக்கிறதா? கடவுச்சொல் தெரிந்தவர் சென்னையில் இருக்கும் தளம் வடிவமைத்த நிறுவனத்து ஆள் மட்டும்தான் என்றால், அந்த இரவில் தளம் இருந்தும் இல்லாததே. குறைந்தது இரண்டு பேருக்கு அதிகாரம் இருக்கட்டும். இருவரும் வளாகத்திலோ பக்கத்து ஊரிலோ இருப்பவர்களாக இருக்கட்டும். மழைக்காலம் தொடங்கும்முன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

இனி, மாதாந்தர வேலை. இந்திய மருத்துவக் கவுன்சில் இருந்த காலத்திலேயே, 1999-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சத் தர விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு மருத்துவக் கல்லூரித் தளத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. முதல்வர், கண்காணிப்பாளர் பெயர்கள், ஆசிரியர் பட்டியல், அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்த மாணவர்கள், ஆய்வுக் கட்டுரைகள், நடத்திய கருத்தரங்குகள், ஒவ்வொரு படிப்பின் அங்கீகார நிலை, மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் விவரம். இவற்றை ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் புதுப்பிக்க வேண்டும் என்றும் அது சொன்னது. 2020 செப்டம்பரில் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. விதிகளின் வாசகம் மாறலாம். அந்த ‘முதல் வாரம்’ என்ற ஒழுங்கை நீங்கள் விட்டுவிடாதீர்கள். அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மாதம் பிறந்ததும் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் தன் பக்கத்தைத் திறந்து படித்து, மாறியதை உங்களுக்கு எழுதித் தரவேண்டும். ஒன்றும் மாறாவிட்டாலும் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்திட வேண்டும். அந்தத் தேதியைப் பக்கத்தின் அடியில் போடுங்கள். படிக்கிறவருக்கு அந்த ஒரு வரி தரும் நம்பிக்கையை எந்த வான்வழிப் படமும் தராது.

துறைத் தலைவர்கள் அனுப்பமாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான், நினைவூட்டி நினைவூட்டி ஓய்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இது உங்கள் தனிப்பட்ட வேண்டுகோளாக இல்லாமல் முதல்வர் கையெழுத்திட்ட ஆணையாக இருக்க வேண்டும் என்கிறேன். மருந்துக் கிடங்கில் இருப்புப் பதிவேட்டை யாரும் நட்புக்காகப் பராமரிப்பதில்லை. இதற்கும் பொறுப்பாளர் பெயர், நேரம், வேலைச்சுமையில் கழிவு எல்லாம் எழுத்தில் வேண்டும். கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

துணைநிலை மருத்துவப் படிப்புகளின் பக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் சேர்வது இவற்றில்தான். ஆய்வக நுட்பம், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் நுட்பம், டயாலிசிஸ், அறுவை அரங்கு நுட்பம், கண் பரிசோதனைப் படிப்பு, பிசியோதெரபி. எம்.பி.பி.எஸ். கிடைக்காதபோது வீட்டில் நகை அடகு வைத்துச் சேர்க்கிறார்கள். 2021-இல் நாடாளுமன்றம் துணைநிலை, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 10 வகைகளில் 50-க்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் வருகின்றன. படிப்புத் தரமும் பதிவும் அந்த ஆணையத்தின் கீழ் வருகின்றன. அப்படியானால் ஒரு பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள் இவை: இந்தப் பட்டம் அந்தப் பட்டியலில் எந்தப் பெயரில் வருகிறது? படிப்பு எத்தனை வருடம், அதில் மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மாதம்? பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா, எவ்வளவு? முதல் வருடக் கட்டணம் தவிர விடுதி, சீருடை, தேர்வு, ஆய்வகம் என்று மொத்தம் எவ்வளவு ஆகும்?

இவற்றுக்குப் பதிலாகப் பல தளங்களில் “ஒளிமயமான எதிர்காலம்” என்ற ஒரு வாக்கியமும் ஒரு மாணவியின் சிரித்த முகமும் இருக்கும். விண்ணப்பம் நிரப்ப வரும் பிள்ளை என்னிடம், “அண்ணே, இது கவர்மெண்ட் வேலைக்குச் செல்லுமா?” என்று கேட்கும்போது அந்த வாக்கியத்தை நான் காட்ட முடியாது. மொத்தக் கட்டணத்தை எழுதுங்கள். அங்கீகார ஆணையின் நகலை எண்ணும் தேதியும் தெரியும்படி வையுங்கள். அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இதில் கல்லூரிக்கு இழப்பு வரலாம் என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். தெரியாமல் சேர்ந்த பிள்ளைக்கு வரும் இழப்பு அதைவிடப் பெரிது. நான்கு வருடம் திரும்ப வராது.

தமிழைப் பற்றி. பாகூருக்குக் கல்லூரி புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இவ்வூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வந்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அரச வம்சப் புகழ் அதில் வடமொழியில் இருக்கிறது. கொடுத்த நிலம் எது, எல்லை எது என்ற பகுதி தமிழில் இருக்கிறது, நிலத்தோடு சம்பந்தப்பட்டவர்களுக்கு விளங்க வேண்டுமே. நம் கல்லூரித் தளங்களுக்கும் அதே கணக்கு பொருந்தும். ஆய்வுத் திட்டமும் தரவரிசை அறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஓ.பி. நாட்கள், அவசரப் பிரிவு எண், பேருந்து நேரம், காப்பீட்டு அட்டை ஏற்கப்படுமா, என்ன ஆவணம் கொண்டுவர வேண்டும், பாம்பு கடித்தால் எங்கே நேராகப் போக வேண்டும் என்பவை தமிழில் இருந்தே ஆக வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்யும் ஊர்கள் இவை. கடைசியாகச் சொன்னது இங்கே எல்லா வீட்டுக்கும் வேண்டிய தகவல்.

தமிழில் போடும்போது எழுத்தாகப் போடுங்கள், படமாக வேண்டாம். சுற்றறிக்கையை அச்சடித்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றினால் அது தேடலில் வராது. பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. சின்னத் திரையில் பெரிதாக்கினால் வரிகள் ஓடிப்போகும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலும் எல்லாருக்கும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. கண் சிகிச்சைக்கு வருகிறவர்கள் படிக்கும் பக்கம், கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு மட்டும் விளங்குவதாக இருக்கலாமா? யூனிகோட் தமிழில் தட்டெழுதுவது இன்று எந்தப் போனிலும் முடிகிற வேலை. கூகுள் மொழிபெயர்த்ததை அப்படியே ஏற்றிவிடாதீர்கள்; மருந்து, அளவு, பட்டினியாக வருவது பற்றிய அறிவுரைகளில் ஒரு சொல் பிசகினாலும் ஆபத்து. ஒரு செவிலியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நோயாளியிடம் எப்படிச் சொன்னால் புரியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கோபப்படுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ முகாம் படங்கள். உதடு பிளந்து பிறந்த குழந்தையின் முகம், சட்டையைக் கழற்றி நிற்கும் பெரியவர், மனநலப் பிரிவு முகாமில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். அவர்கள் சிகிச்சைக்கு வந்தவர்கள். அவர்கள் ஊர்க்காரர்கள் எல்லார் போனிலும் அந்தப் படம் வரும் என்று யாராவது அவர்களிடம் சொல்லிக் கேட்டார்களா? முகாம் நடந்த இடம், நாள், பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை போதும். படம் வேண்டுமென்றால் மருத்துவர்களைக் காட்டுங்கள். அதேபோல மாணவர் பட்டியல் கோப்புகளில் கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் ஆதார் எண்ணும் சேர்ந்தே ஏறிவிடுகின்றன. பெண் பிள்ளைகளின் எண்கள் அப்படி வெளியே கிடப்பதன் விளைவு என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராமல் இருந்தாலும் இது செய்யக்கூடாத காரியம். பழைய கோப்புகளைத் தேடி எடுத்து நீக்குங்கள்; பக்கத்திலிருந்து சுட்டியை மட்டும் எடுத்தால் கோப்பு சர்வரில் அப்படியே கிடக்கும், தேடுபொறி அதைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

தொழில்நுட்பத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நிர்வாகத்திடம் பணம் கேட்கும்போது பயன்படட்டும் என்று இரண்டு மூன்று செய்திகள் மட்டும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை முன்பு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதுமாக இருந்தது. அந்தக் காலவரம்பு படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சிலிருந்து 47 நாட்கள் ஆகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி ஓடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். புதுப்பிக்கப்படாத வேர்ட்பிரஸ் செருகுநிரல்கள் வழியாகச் சூதாட்ட விளம்பரச் சுட்டிகள் நாட்டில் பல கல்வித் தளங்களுக்குள் நுழைந்திருக்கின்றன. கல்லூரியின் பெயரைத் தேடுகிற மாணவருக்குச் சூதாட்டத் தளம் வருகிறது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் இரண்டு வாரம் அங்கே சீட்டுப் பதிவு முதல் எல்லாம் கையால் நடந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அந்த ஆண்டு ஏப்ரலில் இட்ட ஆணைப்படி, இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். யார் தெரிவிப்பது என்று உங்கள் கல்லூரியில் முடிவாகியிருக்கிறதா? தளத்தின் பெயர்ப் பதிவு கல்லூரியின் பெயரில் இருக்கட்டும். ஒப்பந்தக்காரரின் பெயரில் இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். அந்த நகலிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் செய்து பாருங்கள்.

கடைசியாக, ராகிங் தடுப்புக் குழு, பாலியல் புகார்க் குழு ஆகியவற்றின் பக்கங்கள். இவற்றில்தான் பழைய பெயர்கள் அதிகம் கிடக்கின்றன, ஏனென்றால் யாரும் அன்றாடம் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடி வருகிற பிள்ளை, வீட்டிலும் சொல்ல முடியாமல், தோழியிடமும் சொல்ல முடியாமல் வருகிறாள். அவள் ஒருமுறைதான் அழைப்பாள். அந்த எண்ணின் உரியவர் போன வருடமே வேலையை விட்டுப் போயிருந்தால் அவள் மறுபடி முயலமாட்டாள்.

ஆகவே இந்த வாரம் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் தளத்தில் இருக்கும் ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும், அவசரப் பிரிவிலிருந்து புகார்க் குழுவரை, உங்கள் சொந்தப் போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காத எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள்.

அன்புடன்,
பாகூர் கொம்யூனிலிருந்து உங்கள் தளங்களை வாசிப்பவன்